எழுத்துக் குழுவின் கொண்டாட்டம்: குமணன் பாடல்கள் முதல் கசடதபற வரை

எழுத்துக் குழு என்பது எழுதுவதில் ஆர்வம் கொண்ட சிலர் கூடிப் படித்தும் பேசியும் எழுதியும் வரும் அமைப்பு. பெரும்பாலும் பதிவு செய்யப்படாதது. தலைவர், செயலாளர் என எவரும் இல்லாமலும் நடப்பது. உறுப்பினர் ஒருவரின் கதை இதழில் வந்தாலோ, நூல் வெளியானாலோ குழு கூடி அதைக் கொண்டாடுகிறது. இக்கட்டுரை அந்தக் கொண்டாட்டத்தை ஓர் இலக்கியச் செயல்பாடாகவே எடுத்துக்கொள்கிறது. அது நூலுக்கும் எழுதியவருக்கும் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

குமணன்சாவடி

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில், காட்டுப்பாக்கத்துக்கும் கரையான்சாவடிக்கும் இடையில் உள்ளது குமணன்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். இன்று அந்தப் பெயரில் ஒரு பேருந்து நிறுத்தமும், கடைகள் நெருங்கிய ஒரு சந்திப்பும், கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி மெட்ரோ தடத்தில் ஒரு நிலையமும் உள்ளன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் தொழிற்சாலைகளால் வளர்ந்தது. இங்கே எழுதுபவர்களும் பெரும்பாலும் வேலைக்குப் போய் வந்து எழுதுபவர்கள். ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், ஆலைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். மாதம் ஒரு ஞாயிறு நூலகத்திலோ, பள்ளி வகுப்பறையிலோ, யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலோ கூடுவார்கள்.

இத்தகைய குழுவின் வெளியீட்டு விழாவுக்கு ஒரு நிலைத்த வடிவம் உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை. பின்பு நூல் கட்டுப் பிரிக்கப்பட்டு ஒருவர் வெளியிட, மற்றொருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்கிறார். மேடையில் உள்ளவர்கள் நூலை நெஞ்சுயரத்தில் பிடித்துப் படத்துக்கு நிற்கிறார்கள். பொன்னாடை, வாழ்த்துரைகள், ஏற்புரை, நன்றியுரை. ஒரே நாளில் மூன்று நான்கு உறுப்பினர்களின் நூல்கள் வெளிவந்தால் இவ்வளவும் மூன்று நான்கு முறை நடக்கும். வாழ்த்துரை வழங்குபவருக்கு நூல் பெரும்பாலும் அன்று காலைதான் கைக்கு வந்திருக்கும். ஆகவே அவர் ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறார்; அவருடைய உழைப்பு, பண்பு, குடும்பத்தினரின் ஒத்துழைப்பு பற்றிப் பேசுகிறார். நூலின் ஒரு கதையிலிருந்தோ கவிதையிலிருந்தோ ஒரு பத்தி கூட அவையில் வாசிக்கப்படாமல் விழா முடிந்துவிடுவது அரிதல்ல.

இதைக் கேலி செய்வது எளிது, பலரும் செய்துவிட்டார்கள். ஆனால் தமிழில் அறியப்படாத ஓர் எழுத்தாளரின் நூல் மதிப்புரை பெறுவதில்லை, கடைகளில் வைக்கப்படுவதில்லை, நூலக ஆணை கிடைப்பதும் உறுதியில்லை. அந்த மாலை நேரத்துக் கைத்தட்டல்தான் பல நூல்களுக்குக் கிடைக்கும் ஒரே வரவேற்பு. ஆகவே கொண்டாட்டம் தேவையா என்று கேட்பதில் பொருளில்லை. எதைக் கொண்டாடுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

பெருஞ்சித்திரனார்

குமணன் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு நினைவில் எழுவது முதிரமலைத் தலைவனாகிய குமணன். புறநானூற்றின் 158 முதல் 165 வரையிலான பாடல்கள் அவனோடு தொடர்புடையவை. அவற்றில் முதல் ஆறு பெருஞ்சித்திரனாருடையவை, கடைசி இரண்டு பெருந்தலைச் சாத்தனாருடையவை. பள்ளிப் பாடம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது சாத்தனாரின் கதை. தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருந்த குமணன், கொடுக்க வேறொன்றும் இல்லாததால் தன் தலையைக் கொண்டுபோகும்படி புலவரிடம் வாளைக் கொடுத்த கதை அது. அதன் நாடகத்தன்மையில் பெருஞ்சித்திரனாரின் பாடல்கள் பின்னால் போய்விட்டன. ஆனால் ஒரு படைப்பாளி தன் வெற்றியை எப்படிக் கொண்டாடினார் என்பதற்குத் தமிழில் நமக்குள்ள பழைய சான்றுகளில் அவை முதன்மையானவை.

இந்த ஆறு பாடல்களையும் சேர்த்துப் படித்தால் ஒரு தொடர்கதை கிடைக்கிறது. முதலில் வறுமை. 159ஆம் பாடலில் கோலூன்றிச் சிற்றடி வைத்து நடக்கும் முதிய தாய், முற்றத்தைத் தாண்ட முடியாமல், இன்னும் உயிர் போகவில்லையே என்று நொந்துகொள்கிறாள். மனைவி குப்பையில் முளைத்த கீரைக்கொழுந்தைப் பறித்து உப்பின்றி வேகவைக்கிறாள். 160இல் மகன் வெறும் பானைகளைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று பயம் காட்டுகிறாள், நிலவைக் காட்டுகிறாள், உன் அப்பாவை நினைத்துக் கோபித்து முகம் காட்டு பார்க்கலாம் என்று பேச்சை மாற்றுகிறாள். எந்த வீட்டிலும் இன்றும் நடக்கக்கூடிய காட்சி இது.

இவ்வளவு வறுமையையும் சொன்ன அதே 159ஆம் பாடலில் புலவர் ஒரு நிபந்தனை விதிக்கிறார். மனமகிழ்ச்சி இல்லாமல் கொடுத்தால் உயர்ந்த தந்தமுள்ள யானையே ஆனாலும் வாங்கமாட்டேன், உவந்து கொடுத்தால் குன்றிமணி அளவானாலும் ஏற்பேன் என்கிறார். உப்பில்லாத கீரை வெந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து வந்தவர் சொல்வது இது. தன் பாடலை அறிந்து ஏற்பவரின் பரிசு வேறு, வந்த ஆளை அனுப்பிவைக்கும் பரிசு வேறு என்ற பிரிவினை அவருக்குத் தெளிவாக இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை பரிசிலும் ஒரு மதிப்புரை.

162ஆம் பாடல் இதன் தொடர்ச்சி. இளவெளிமான் அவருக்குச் சிறிதளவு கொடுக்கிறான். அவர் ஏற்காமல் போய்விடுகிறார். குமணனைப் பாடி யானை பெற்றபின் நேரே வீட்டுக்குப் போகவில்லை. இளவெளிமானின் ஊருக்குத் திரும்பி வந்து, அவனுடைய காவல்மரத்தில் அந்த யானையைக் கட்டிவிட்டுப் போகிறார். இரப்பவரும் உண்டு, ஈபவரும் உண்டு, என் யானையைப் பார், வருகிறேன் என்பதுதான் பேச்சின் சாரம். எந்த எழுத்தாளருக்கும் உள்ளூர இருக்கும் ஆசை இது. கதையைத் திருப்பி அனுப்பிய ஆசிரியரின் மேசையில் அச்சான நூலை வைத்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசையின் சங்ககால வடிவம் என்றே கொள்ளலாம். கொண்டாட்டத்தில் பழிதீர்ப்பும் கலந்திருக்கும் என்பதை மறைக்காமல் சொல்வதால் இந்தப் பாடல் மேலும் உயிருள்ளதாக இருக்கிறது.

அடுத்து வருவதுதான் உண்மையான கொண்டாட்டம். 163ஆம் பாடலில் புலவர் வீடு திரும்பி மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்பியவர்களுக்கும், நீ விரும்பியவர்களுக்கும், சுற்றத்தாருக்கும், நம் வீட்டுப் பசி தீரக் கைமாற்றாக அளந்து தந்தவர்களுக்கும், இன்னார் என்று பாராமல், என்னையும் கேட்காமல், சேர்த்துவைத்து வாழலாம் என்றும் எண்ணாமல் கொடு என்கிறார். குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்துக் கடனாக வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது. அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்கித் திருப்பித் தருவதுபோல. பரிசுச் செய்தியின் நடுவே பக்கத்து வீட்டுக் கடனை நினைவில் வைத்திருக்கும் இந்த ஒரு சொல்தான் பாடலின் மையம் என்று தோன்றுகிறது. தான் எழுதியதற்குப் பின்னால் யாருடைய அரிசி இருந்தது என்பது அவருக்குத் தெரியும். இன்றைய ஏற்புரைகளில் மனைவிக்கு நன்றி சொல்லப்படுகிறது. பெருஞ்சித்திரனார் மனைவியின் கையில் பொருளைக் கொடுத்து, கேட்காமல் செலவழிக்கும் உரிமையையும் கொடுக்கிறார்.

அரங்கேற்றமும் வெளியீட்டு விழாவும்

குமணன்சாவடியிலிருந்து தெற்கே சிறிது தொலைவில் உள்ளது குன்றத்தூர், சேக்கிழாரின் ஊர். பெரியபுராணத்தின் அரங்கேற்றத்தைச் சேக்கிழார் புராணம் விரிவாகக் கூறுகிறது. சிதம்பரம் ஆயிரக்கால் மண்டபத்தில் சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் அரங்கேற்றம் நிறைவுற்றது. அதன்பின் நூலையும் ஆசிரியரையும் யானை மேல் ஏற்றி, சோழ மன்னன் உடன் அமர்ந்து கவரி வீச, வீதிவலம் நடந்தது என்பது அந்நூல் தரும் செய்தி. மரபுக்கதைக்குரிய மிகை இதில் இருக்கலாம். ஆனால் அதிலுள்ள வரிசை கவனிக்கத்தக்கது. யானை ஒரு நாள் வந்தது. அதற்கு முன் ஓராண்டு நூல் வாசிக்கப்பட்டது.

அரங்கேற்றம் என்ற வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை உயிரோடிருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலபுராணங்கள் அரங்கேறியதை அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். திருப்பெருந்துறைப் புராண அரங்கேற்றத்தில் பாடல்களை வாசித்தவரே அவர்தான். மாணவர் வாசிக்க ஆசிரியர் பொருள் கூறுவார். அவையோர் ஐயம் கேட்கலாம், தடை எழுப்பலாம். இறுதியில் சம்மானம். கடன்சுமையோடு வாழ்ந்த பிள்ளைக்கு அந்தச் சம்மானம் வெறும் மரியாதையாக மட்டும் இருக்கவில்லை.

அச்சு வந்தபின் அரங்கேற்றம் மறைந்து வெளியீட்டு விழா வந்தது. இரண்டும் ஒன்றின் தொடர்ச்சிபோலத் தெரிந்தாலும் அடிப்படையில் வேறானவை. அரங்கேற்றத்தில் நூல் கேட்கப்பட்டது. அவை ஏற்றுக்கொண்ட பிறகே அது நூலாகப் பரவியது. வெளியீட்டு விழாவில் நூல் ஏற்கெனவே அச்சாகி, அட்டை மினுங்க, கட்டுப்பிரிக்கக் காத்திருக்கிறது. இனி ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. அதனால்தான் விழா மேடையில் விமர்சனம் செய்பவர் முரடராகத் தெரிகிறார். உண்மையில் அவர் தவறான நாளில் வந்தவர், அவ்வளவுதான். அவர் வந்திருக்க வேண்டிய நாள் கைப்பிரதி நிலையில், ஆறு மாதம் முன்பு. அந்த நாளை அமைத்துத் தரக்கூடிய ஒரே இடம் எழுத்துக் குழு. பதிப்பகங்களில் மிகச் சிலவற்றில்தான் கைப்பிரதியைச் செம்மையாக்கும் ஆசிரியர் இருக்கிறார். பல நூல்களுக்கு அச்சுக்கு முன் கிடைக்கும் ஒரே வாசகர் எழுதியவரே.

உலக இலக்கியத்தில் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு டி.எஸ். எலியட்டின் பாழ்நிலம். 1922இல் வெளியான அந்தக் கவிதையின் கைப்பிரதியை எஸ்ரா பவுண்ட் ஏறக்குறைய பாதியாக வெட்டினார். வெட்டுகளோடு கூடிய அந்தக் கைப்பிரதி 1971இல் நூலாக வந்தபோதுதான் நண்பர் ஒருவர் செய்த வேலையின் அளவு வெளியே தெரிந்தது. எலியட் கவிதையைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கியிருந்தார். நண்பரின் வெற்றியைக் கொண்டாட பவுண்டுக்கு எல்லோரையும்விட அதிக உரிமை இருந்தது என்றால் அது இதனால்தான்.

எழுத்து, புதுக்குரல்கள்

நவீனத் தமிழில் குழுவாக இயங்கி, குழுவாகவே நூல் வெளியிட்டவர்களில் முதலில் பேசப்பட வேண்டியவர்கள் எழுத்து இதழைச் சேர்ந்தவர்கள். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து எழுத்து இதழைத் தொடங்கினார். 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை என்பது அவர் முதலிலேயே அறிவித்த கொள்கை. இதழ் அந்த எண்ணிக்கையை எட்டவே இல்லை என்பது வேறு விஷயம். செல்லப்பாவின் முதல் நோக்கம் விமர்சனம். புதுக்கவிதை அதற்குள் வந்து சேர்ந்தது. முதல் இதழில் இடம்பெற்ற ந. பிச்சமூர்த்தியின் பெட்டிக்கடை நாரணன் கவிதையைக் கண்டு இளைஞர்கள் எழுதத் தொடங்கினர். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார், சி. மணி எழுதினார், நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி எழுதினார். மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு தொகுப்புக்கு வேண்டிய கவிதைகள் சேர்ந்துவிட்டன. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளோடு புதுக்குரல்கள் வெளிவந்தது.

ஒரு குழு தன் வெற்றியைத் தானே தொகுத்துக்கொண்ட நூல் இது. தற்புகழ்ச்சியாக முடிந்திருக்கவும் கூடும். அவ்வாறு ஆகாமைக்குக் காரணம் இதழின் அமைப்பு. கவிதை வந்த அதே பக்கங்களில் கவிதையைப் பற்றிய விவாதமும் வந்தது. தருமு சிவராமு கவிஞராக மட்டும் அல்ல, விமர்சகராகவும் அங்கேயே உருவானார். வெங்கட் சாமிநாதனின் பாலையும் வாழையும் கட்டுரை எழுத்துவில்தான் வந்தது. தமிழ்ப் பண்பாட்டின் வறட்சியைச் சாடிய அக்கட்டுரைக்கு இடம் கொடுத்த இதழ், தன்னைச் சேர்ந்தவர்களை மட்டும் விதிவிலக்காக்கிக்கொள்ள முடியாது. புதுக்குரல்களுக்கு செல்லப்பா எழுதிய முன்னுரையும் வாழ்த்துரையாக இல்லாமல் நீண்ட விமர்சனக் கட்டுரையாக அமைந்தது. 24 பேரில் பலர் பின்பு கவிதையில் தொடரவில்லை. இதைத் தொகுப்பின் குறையாகச் சொல்வதுண்டு. ஆனால் ஒரு குழுவிலிருந்து நான்கைந்து கவிஞர்கள் நிலைத்தால் அது பெரிய விளைச்சல்.

கொண்டாட்டம் என்று பார்த்தால் எழுத்து வறண்ட இடம். செல்லப்பா மனைவியின் நகைகளை விற்று இதழ் நடத்தினார். எழுத்து பிரசுர நூல்களை மூட்டையாகத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 119 இதழ்களோடு 1970இல் இதழ் நின்றது. செல்லப்பாவின் தியாகத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தியாகம் ஒரு முன்மாதிரியாகவே ஆகி, சிற்றிதழ்ச் சூழலில் நஷ்டப்படுவதே தரத்துக்குச் சான்று என்ற மனநிலையையும் வளர்த்தது. அது தேவையற்ற சுமை. ஒரு நூல் வந்ததற்கு நண்பர்கள் கூடி நல்ல காபி குடித்து மகிழ்வதால் இலக்கியம் கெட்டுவிடாது.

கோணல்கள், கசடதபற

1960களின் இறுதியில் சென்னையில் இலக்கியச் சங்கம் என்ற பெயரில் சில இளைஞர்கள் கூடினர். சா. கந்தசாமி, நா. கிருஷ்ணமூர்த்தி, ம. இராஜாராம், எஸ். ராமகிருஷ்ணன் ஆகிய நால்வரின் சிறுகதைகள் கோணல்கள் என்ற தொகுப்பாக வந்தன. நால்வரும் அப்போது அறியப்படாதவர்கள். பதிப்பாளரைத் தேடிக் காத்திராமல் தாங்களே நூலாக்கினர். இன்று புறநகர்க் குழு ஒன்று செய்வதும் வெளித்தோற்றத்தில் இதுவே. நான்கு நண்பர்கள், ஒரு தொகுப்பு, சொந்தச் செலவு. வேறுபாடு அதன்பின் நடந்ததில் இருக்கிறது.

சா. கந்தசாமியின் சாயாவனம் 1969இல் வாசகர் வட்டம் வெளியீடாக வந்தது. 1970 அக்டோபரில் நண்பர்கள் கூட்டாகக் கசடதபற இதழைத் தொடங்கினர். வல்லின எழுத்துகள் ஆறையும் பெயராகக் கொண்ட அந்த இதழுக்கு நா. கிருஷ்ணமூர்த்தி ஆசிரியர். ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, ஐராவதம் போன்றோர் உடனிருந்தனர். ஞானக்கூத்தனின் அன்று வேறு கிழமை 1973இல் வந்தது. 1974இல் ராமகிருஷ்ணன் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கினார். ந. முத்துசாமியின் நாற்காலிக்காரர், சி. மணியின் வரும் போகும், பசுவய்யாவின் நடுநிசி நாய்கள் எல்லாம் 1974-75க்குள் வந்தவை. 1977இல் முத்துசாமி கூத்துப்பட்டறையை நிறுவினார்.

இந்த வரிசையைப் பார்க்கும்போது ஒரு குழுவின் வெற்றி என்பதன் பொருள் மாறுகிறது. கோணல்கள் இன்று சேகரிப்பாளர்கள் மட்டுமே தேடும் நூல். அதிலுள்ள கதைகளைக் கொண்டு இக்குழுவை மதிப்பிட முடியாது. ஆனால் அதே நண்பர் வட்டத்திலிருந்து ஒரு கவிதைப் போக்கும், ஒரு நாடகப் பட்டறையும், கைப்பிரதியை வரிவரியாகச் செம்மையாக்குவதைக் கடமையாகக் கொண்ட ஒரு பதிப்பகமும் உருவாயின. க்ரியா ராமகிருஷ்ணன் 1992இல் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்தார். நால்வரில் ஒருவர் தன் எழுத்தை நிறுத்திக்கொண்டு மற்றவர்களின் நூல்களுக்கு வாசகராக மாறினார் என்பதே கோணல்கள் தொகுப்பின் மிகப்பெரிய விளைவு எனலாம். குழுக்களில் இந்த இடத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. எல்லோரும் எழுத வருகிறார்கள், எல்லோருக்கும் தங்கள் நூல் வேண்டும். பிறர் கைப்பிரதியைப் பென்சிலோடு படிக்கும் ஒருவர் கிடைத்தால் அந்தக் குழு அவரைத்தான் பொன்னாடை போர்த்திக் காப்பாற்ற வேண்டும்.

கசடதபற குழுவின் குறையையும் சொல்லியாக வேண்டும். வெளியே உள்ளவர்களை எள்ளுவதில் அவர்களுக்கு இருந்த கூர்மை தங்கள் வட்டத்தின் எல்லையைப் பார்ப்பதில் இல்லை. அவர்களுடைய சிரிப்பு நகர்ப்புறப் படித்த நடுத்தர வர்க்கத்தின் சிரிப்பு. அந்த வட்டத்துக்கு வெளியே தமிழில் அப்போது நடந்துகொண்டிருந்த பெரும் மாற்றங்கள் அவர்களுக்குப் பகடிப் பொருளாகவே தெரிந்தன. தங்களுக்குள் கூர்மையாகப் பேசிக்கொள்ளும் குழுவும் ஒரே மாதிரியான ஆட்களால் நிறைந்தால் ஒரே மாதிரிதான் பார்க்கும்.

வானம்பாடி

1971இல் கோவையில் தொடங்கிய வானம்பாடி இயக்கம் நேர் எதிரான வழியில் சென்றது. விலையிலாக் கவிமடல் என்று அறிவித்து இதழை இலவசமாகக் கொடுத்தனர். ஞானி, புவியரசு, சிற்பி, மு. மேத்தா, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், கங்கைகொண்டான் எனப் பலர் இணைந்தனர். 1973இல் வெளிச்சங்கள் தொகுப்பு வந்தது. 1974இல் வெளிவந்த மேத்தாவின் கண்ணீர்ப் பூக்கள் புதுக்கவிதையில் அதுவரை காணாத அளவு பதிப்புகளைக் கண்டது. பிற்காலத்தில் சிற்பி, மேத்தா, புவியரசு மூவரும் படைப்புக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர். வெளியீட்டு வெற்றி என்ற அளவுகோலில் எழுத்து, கசடதபற இரண்டையும் வானம்பாடி எளிதாகத் தாண்டிவிடும்.

வானம்பாடிக் கவிதை மேடையில் வாழ்ந்தது. கைத்தட்டலுக்கு உரிய இடத்தில் வரி முடிந்தது. கேட்பவர்களின் மகிழ்ச்சி எழுதும் கையை வழிநடத்தத் தொடங்கியபோது உவமைகள் பெருகின, அனுபவம் சுருங்கியது. இதற்கு அவர்களுடைய அரசியலைக் காரணம் சொல்வது வழக்கம். கொண்டாட்டம் எழுதும் மேசைக்கே வந்துவிட்டதுதான் காரணம் என்பது என் கணிப்பு. ஆயினும் கல்லூரி மாணவர்களிடம் புதுக்கவிதையைக் கொண்டுசேர்த்தவர்கள் அவர்களே. பின்னாளில் சிற்றிதழ்க் கவிதைக்கு வந்த வாசகர்களில் பலர் அந்த வாசல் வழியாக நுழைந்தவர்கள்.

புறநகர்க் குழுவும் கைப்பிரதியும்

இன்று நூல் வெளியிடுவது எளிதாகிவிட்டது. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது, நூறு பிரதிகள் போதும். புத்தகக் காட்சியை ஒட்டி டிசம்பர், ஜனவரியில் வெளியீட்டு விழாக்கள் குவிகின்றன. இந்த எளிமையால் பலரும் எழுத வந்திருக்கிறார்கள், அது நல்லதே. ஆனால் செலவு பெரும்பாலும் எழுதியவருடையது. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துத் தன் முதல் சிறுகதைத் தொகுப்பை அச்சிடும் ஒருவரிடம், அச்சுக்கு முன் அவருடைய குழு மூன்று கதைகளை எடுத்துவிடும்படி சொல்லவில்லை என்றால், விழாவில் அளிக்கும் மாலைக்கு என்ன பொருள்? பிரதிகள் அட்டைப்பெட்டியில் பரணில் இருக்கின்றன. அடுத்த தொகுப்பைப் பற்றி அவர் பேசுவதில்லை. நேர்மையாகப் படிக்கப்பட்டிருந்தால் அவர் ஒருவேளை இரண்டு ஆண்டுகள் தாமதித்து நல்ல நூலொன்றை எழுதியிருப்பார்.

இதற்கு ஏற்ற ஒரு நடைமுறை சென்னையிலேயே நெடுங்காலம் இருந்திருக்கிறது. 1970இல் ப. லட்சுமணன் முன்னின்று தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு மாதந்தோறும் கூடியது. அந்த மாதம் இதழ்களில் வெளியான சிறுகதைகளை ஒருவர் படித்து வந்து அவைக்கு எடுத்துரைத்து, ஒன்றைத் தேர்வு செய்வார். பன்னிரண்டு மாதத் தேர்வுகளிலிருந்து ஆண்டின் சிறந்த கதையை வேறொருவர் தேர்ந்தெடுக்க, அந்தப் பன்னிரண்டும் நூலாகும். தேர்வுகள் பற்றி எப்போதும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. இடைநிலை ரசனைக்கு உரியவையாகவே கதைகள் தேர்வாகின்றன என்ற குறை நியாயமானது. ஆனாலும் அங்கே மேடையேறும் ஒருவர் படித்துவிட்டு வர வேண்டியிருந்தது. பெயர் தெரியாத எழுத்தாளரின் கதையும் ஒருவரால் முழுமையாகப் படிக்கப்பட்டு, பொது அவையில் அதன் பெயர் சொல்லப்பட்டது. வெளியூரில் இருந்து எழுதும் ஒருவருக்கு அது கொடுத்திருக்கக்கூடிய ஊக்கத்தைப் பொன்னாடை கொடுக்காது.

குமணன்சாவடி வட்டாரத்தில் ஒரு குழு இதைச் செய்வதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. உறுப்பினர் ஒருவரின் நூல் வரப்போகிறது என்றால், அச்சுக்குப் போகுமுன் ஒரு ஞாயிறு அந்தக் கைப்பிரதிக்கு. வெளியீட்டு நாளில் வாழ்த்துரைகளில் ஒன்றைக் குறைத்து, நூலிலிருந்து இரண்டு பக்கங்களை எழுதியவர் அல்லாத ஒருவர் உரக்க வாசிக்கலாம். பதினைந்து நிமிடம் ஆகும். சிற்றுண்டி அதற்குப் பிறகு.